மழையில் ஒட்டிக்கொள்ளும் கார் பிரேக்

இரவு முழுவதும் மழையில் நின்ற காரைக் காலையில் எடுக்கும்போது சில நாட்களில் அது நகர மறுக்கும். ஹேண்ட் பிரேக் முழுவதும் இறக்கப்பட்டிருக்கும், கியரும் விழுந்திருக்கும், ஆனாலும் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூடுதலாக மிதித்ததும் ‘டொக்’ என்ற ஓசையுடன் சக்கரம் விடுபட்டு வண்டி ஓடத் தொடங்கும். பட்டறைகளில் இதை ‘பிரேக் ஜாம்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஏதோ பெரிய செலவு வந்துவிட்டது என்று வண்டிக்காரர் அஞ்சுவதும் உண்டு. பெரும்பாலும் அப்படி ஒன்றும் இல்லை. இரும்பும் நீரும் சேர்ந்து ஓர் இரவில் செய்த வேலை அது.

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் குறை இதற்கு நேர்மாறாக இருந்தது. மழை பெய்தால் பிரேக் பிடிக்காது. பிடிக்காத பிரேக்கைப் பிடிக்க வைப்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருள்கள் புகுத்தப்பட்டன. விடாமல் ஒட்டிக்கொள்ளும் தொல்லை அந்தப் பொருள்களின் வழியாகவே வந்து சேர்ந்தது. அவற்றுள் ஒன்று தொழிலாளர்களின் உயிரையும் வாங்கியது.

ஓர் இரவில் நடப்பது

கார்களில் இரண்டு வகை பிரேக்குகள் உள்ளன. டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் பிறை வடிவமுள்ள இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் உட்சுவரை அழுத்துகின்றன. டிஸ்க் பிரேக்கில், சுழலும் வட்டத் தகட்டை இரு புறமும் இரண்டு பேடுகள் கவ்வுகின்றன. ஷூவின் மேலும் பேடின் மேலும் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பொருளே லைனிங். டிரம்மும் டிஸ்கும் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனவை. இந்த இரும்பில் ஏறக்குறைய 3 சதவீதத்திற்கும் மேல் கரி இருக்கிறது. அது மெல்லிய கிராஃபைட் இதழ்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எழும் வெப்பத்தை அந்த இதழ்கள் விரைவாகக் கடத்துகின்றன. அதிர்வையும் கிறீச்சொலியையும் அடக்குகின்றன. விலையும் குறைவு. நூறாண்டுக்கு மேலாக வார்ப்பிரும்பு இந்த இடத்தை விட்டுக்கொடுக்காததற்கு இவையே காரணம்.

ஆனால் அது துருப்பிடிக்கும். காரின் மற்ற இரும்புப் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கலாம், எண்ணெய் பூசலாம், கிரீஸ் தடவலாம். பிரேக் பிடிக்கும் பரப்பில் மட்டும் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. உராய்வதற்கென்றே இருக்கும் பரப்பு வெறுமையாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தும்போது லைனிங் இரும்போடு அழுந்தி நிற்கிறது. மழைநீரோ, வண்டி கழுவிய நீரோ, ஈரக்காற்றில் குளிர்ந்து படிந்த நீரோ இரண்டுக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளியில் ஏறி அங்கேயே தங்கிவிடும். லைனிங்கில் நுண்துளைகள் உண்டு; அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டிஸ்கின் திறந்த பகுதி காற்றில் உலர்ந்த பிறகும் பேடுக்கு அடியிலுள்ள பகுதி நனைந்தபடியே இருக்கும். நீரும் ஆக்சிஜனும் கிடைத்த இரும்பு துருவாக மாறுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே அது மேலெழுந்து லைனிங்கின் நுண்துளைகளுக்குள் புகுந்து பல்லைப் போலப் பற்றிக்கொள்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை விரைவுபடுத்தும். காலையில் கேட்கும் ‘டொக்’ என்ற ஓசை அந்தத் துருப் பற்கள் முறியும் ஓசை.

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் மட்டும் மழையில் நின்றும் பளபளவென்று இருக்கிறதே என்ற கேள்வி எழலாம். அது துருவேறா எஃகு வகையால் ஆனது. கார்களுக்கும் அதையே வைத்துவிடலாமே என்றால், அந்த எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறனில் வார்ப்பிரும்பைவிட மிகவும் பின்தங்கியது. ஒன்றரை டன் எடையுள்ள வண்டியை மீண்டும் மீண்டும் நிறுத்தும்போது எழும் வெப்பத்துக்கு அது ஈடுகொடுக்காது. அதே மோட்டார் சைக்கிளில் பின்பக்கம் டிரம் பிரேக் இருந்தால், அதன் உட்புறம் இரும்பு வளையமே. மழைக்காலத்தில் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

தோலும் துணியும்

குதிரை வண்டிகளிலும் முதல் கார்களிலும் பிரேக் என்பது சக்கரத்தின் மேல் அழுத்தும் ஒரு கட்டைதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குச் சென்றார். நூறு கிலோமீட்டரைத் தாண்டிய அந்தப் பயணமே உலகின் முதல் நெடுந்தொலைவுக் கார்ப் பயணமாகக் கருதப்படுகிறது. வழியிலிருந்த இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அவர் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு கட்டைகளின் மேல் தோலை அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்ற எண்ணத்தின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பொறியாளர் செய்யாததை வண்டி ஓட்டியவர் செய்ய நேர்ந்தது. தேவை அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

தோல் காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். நனைந்தால் வழுக்கும், சூடேறினால் கருகும். இங்கிலாந்தின் டெர்பிஷையர் மலைப்பகுதியில் வாழ்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் இதற்கு மாற்றுத் தேடினார். குதிரை வண்டிக்காரர்கள் மலை இறக்கத்தில் பழைய பூட்ஸ்களைப் பிரேக் கட்டையில் மாட்டி ஓட்டியதைக் கண்டு அவருக்கு இந்த ஆர்வம் பிறந்ததாகச் சொல்வார்கள். 1897 முதல் தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் அவர் சோதனைகள் செய்தார். துணிப் பட்டைகளில் பிசின் போன்ற பொருள்களை ஊறவைத்து முதல் லைனிங்குகளை உருவாக்கினார். ஃப்ரூட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி, மனைவி எலிசபெத்தின் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ‘ஃபெரோடோ’ என்ற வணிகப் பெயரை அமைத்தார். அந்தப் பெயர் இன்றும் பிரேக் பேட் பெட்டிகளில் காணப்படுகிறது.

பிரேக் பொருத்தப்படும் இடமும் அக்காலத்தில் மாறியது. தொடக்கக் கார்கள் பலவற்றில் டிரம்முக்கு வெளியே சுற்றிய ஒரு பட்டைதான் இறுகிப் பிடித்தது. சேறும் நீரும் அதில் நேராகப் படும். 1902இல் பிரான்சின் லூயி ரெனோ, ஷூக்கள் டிரம்முக்கு உள்ளே இருந்து விரியும் அமைப்பைக் கொண்டுவந்தார். டிரம் ஒரு மூடியைப் போல மழையைத் தடுத்தது. உள்ளே போகாத நீரைத் தடுத்த அதே மூடி, உள்ளே புகுந்துவிட்ட நீரை எளிதில் வெளியேற விடவுமில்லை. வெள்ளத்தில் இறங்கி ஏறிய டிரம் பிரேக் வண்டி சிறிது தூரம் பிரேக் பிடிக்காமல் போவதும், அப்படியே நிறுத்தி வைத்தால் மறுநாள் ஒட்டிக்கொள்வதும் இந்த ஒரே குணத்தின் இரு முகங்கள்.

கல்நார்

துணியும் தோலும் தாங்காத வெப்பத்தைத் தாங்க 1908ஆம் ஆண்டளவில் ஃப்ரூட் கல்நாரைப் பயன்படுத்தத் தொடங்கினார். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிமம். பஞ்சைப் போல இழை பிரிக்கலாம், நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம். தீயில் எரியாது, நீரில் அழுகாது, துருவும் பிடிக்காது. பிரேக்குக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்றே உலகம் நம்பியது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உலகின் பெரும்பாலான கார்கள் கல்நார் லைனிங்கில்தான் ஓடின. மழை இரவில் டிரம் துருப்பிடித்து அதோடு ஒட்டிக்கொள்வது அப்போதும் இருந்தது. ஆனால் லைனிங்கில் துருப்பிடிக்க இரும்பு இல்லை. துரு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்தது.

அந்த இழைகள் ஆலைகளில் தூசியாகப் பறந்தன. இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலிருந்த கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் தொழிலாளி 1922இல் வேலை செய்ய முடியாத அளவுக்கு மூச்சுத்திணறலுக்கு ஆளானார். கல்நாரே காரணம் என்று மருத்துவர் சான்றளித்தும் ஆலை நிர்வாகம் இழப்பீடு தர மறுத்தது. 1924 மார்ச்சில் தம் 33ஆம் வயதில் அவர் இறந்தார். உடலைச் சோதித்த நோய்க்குறியியல் மருத்துவர் வில்லியம் குக், நுரையீரலில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1927இல் அந்நோய்க்கு ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்ற பெயரையும் வழங்கினார். அவருடைய இறப்பைத் தொடர்ந்து எழுந்த விசாரணைகளின் விளைவாக 1931இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளுக்கான தூசிக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. நெல்லி கெர்ஷா வேலை பார்த்த நிறுவனக் குழுமமே 1920களில் ஃபெரோடோவையும் வாங்கியது.

விதிகள் ஆலைக்குள் இருந்தவர்களுக்குத்தான். தேய்ந்த லைனிங்கின் தூசி டிரம்முக்குள் படிந்திருக்கும். டிரம்மைக் கழற்றும் மெக்கானிக் அதை வாயால் ஊதியோ, காற்றுக் குழாயை வைத்து அடித்தோ சுத்தம் செய்வார். ஒட்டிக்கொண்ட டிரம்மைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது அந்தத் தூசி முகத்தில்தான் கொட்டும். அவரைக் காக்க நெடுங்காலம் எந்த விதியும் இல்லை. கல்நார் நோய் வெளிப்படப் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் பட்டறையும் மாறியிருக்கும், நோயின் காரணமும் மறந்திருக்கும்.

பிரிட்டன் 1999இல் வெண்கல்நாரைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இல் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 1989இல் போடப்பட்ட தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது; மீண்டும் ஒரு தடை விதி 2024 மார்ச்சில்தான் பிறந்தது. இந்தியாவில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பல்லாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்குக் கட்டளையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தது அகமதாபாத்திலுள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு. வெண்கல்நார் இறக்குமதிக்கு இங்கு இன்னும் முழுத் தடை இல்லை.

லைனிங்குக்குள் வந்த எஃகு

கல்நாரை நீக்கினால் அந்த இடத்தில் எதை வைப்பது? 1970களில் பரவிய ஒரு விடை எஃகு இழை. எஃகு இழைகளையும் இரும்புத் தூளையும் பிசினில் கலந்து அழுத்திச் செய்த லைனிங்குகள் வெப்பத்தை நன்றாகத் தாங்கின. ஆனால் இவை ஈரத்தில் துருப்பிடிப்பவை. இதுவரை டிரம்மோ டிஸ்கோ மட்டும் துருப்பிடித்தது. இப்போது எதிரே இருந்த லைனிங்கும் துருப்பிடிக்கத் தொடங்கியது. இரு புறத் துருவும் நடுவில் சந்தித்துப் பின்னிக்கொண்டன. உடல்நலத்தைக் காக்கச் செய்த மாற்றம், காலையில் வண்டியை நகரவிடாத சிறு தொல்லையைப் பெரிதாக்கியது. இந்த மாற்றீட்டில் எது மேல் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் ‘பழைய பிரேக் இப்படி ஒட்டாது’ என்று வயதான ஓட்டுநர்கள் சொல்வது முழுக்கக் கற்பனையும் அல்ல.

மற்றொரு வழி இரும்பு குறைந்த கலவை. 1965இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் போன்ற அராமிடு இழைகள், கண்ணாடி இழைகள், கனிம இழைகள், உலோகத் தூள்கள், முந்திரிக் கொட்டைத் தோட்டின் எண்ணெயிலிருந்து செய்யப்படும் உராய்வுத் தூள் ஆகியவை இத்தகைய லைனிங்குகளில் சேர்கின்றன. கல்நார் ஒன்றே செய்த வேலையை இன்று பத்துப் பதினைந்து பொருள்கள் கூடிச் செய்கின்றன. தமிழ்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் பிரிட்டனின் கர்லிங் நிறுவனத் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் தொடங்கப்பட்டது. லைனிங் தயாரிக்கும் ஆலைகளும் பாடி, அம்பத்தூர் பகுதிகளில் எழுந்தன. வடகிழக்குப் பருவமழையில் நனையும் கார்களுக்கான லைனிங்குகள் அதே மழை பெய்யும் ஊரிலேயே செய்யப்படுகின்றன.

கல்நாருக்கு மாற்றாகப் பல லைனிங்குகளில் சேர்க்கப்பட்ட செம்பும் சிக்கலில் மாட்டியது. பிரேக் தூசியிலுள்ள செம்பு மழைநீரோடு ஓடைகளில் கலந்து சால்மன் மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் தெரியவந்தது. 2010இல் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் பேடுகளில் செம்பின் அளவைப் படிப்படியாக 0.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சட்டம் இயற்றின.

டிஸ்கும் மின்சாரக் காரும்

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். செம்பு போன்ற உலோகங்களை உராய்வுக்கு வைத்ததால் அது தாங்க முடியாதபடி அலறியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றதும் அதன் மதிப்பு உயர்ந்தது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் வந்தது. சுழலும்போதே நீரை வீசியெறிந்துவிடுவதும் விரைவில் உலர்வதும் டிஸ்கின் சிறப்பு. திறந்திருப்பதால் ஒரே இரவில் காவி நிறத் துரு படர்வதும் கண்ணுக்குத் தெரியும். முதல் சில பிரேக்குகளில் அது வழித்தெடுக்கப்பட்டுவிடும். நாள்கணக்கில் நின்ற வண்டியில் மட்டும் பேடு இருந்த இடம் அதன் அச்சைப் போலப் பதிந்து, பிரேக் மிதிக்கும்போது காலில் சிறு துடிப்பாக உணரப்படும். பின்சக்கரங்களில் டிரம் நெடுங்காலம் நீடித்ததற்கு விலை ஒரு காரணம். ஹேண்ட் பிரேக்கை அதில் எளிதாக அமைக்க முடிவது மற்றொரு காரணம். மழை இரவில் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் பின்சக்கரமாக இருப்பதும் இதனால்தான்.

பிரேக்கைத் துருவிலிருந்து காப்பது அதை நாள்தோறும் மிதிப்பதே. மின்சாரக் கார் இந்த இயல்பான பாதுகாப்பைக் குலைத்துவிட்டது. அதில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் செய்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. பிரேக் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் வார்ப்பிரும்பு துருவேறுகிறது. 2020இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.3 மின்சாரக் காரின் பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்கே பொருத்தப்பட்டது. நவீனக் காரில் இது எதற்கு என்று சிலர் நகைத்தனர். மூடிய அமைப்பு என்பதால் பயன்பாடு குறைந்தாலும் திறந்த டிஸ்க் அளவுக்குக் கெடாது என்பதே அந்தத் தேர்வின் பின்னுள்ள கணக்கு. போர்ஷே 2017இல் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கைத் தன் கேயென் காரில் கொண்டுவந்தது. விலை எல்லாருக்கும் எட்டக்கூடியதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற ‘யூரோ 7’ விதிகள், புகையோடு பிரேக் தூசிக்கும் முதன்முறையாக வரம்பு வகுத்துள்ளன. தேயாத, துருவேறாத பூச்சுகளுக்கு இனி மதிப்புக் கூடும்.

ஒட்டிய பிரேக்கை விடுவித்தல்

ஒட்டிக்கொண்ட வண்டியை மென்மையாக முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்ப்பதே முதல் வழி. ரிவர்ஸ் கியரில் ஒரு முறை, முதல் கியரில் ஒரு முறை. பெரும்பாலும் அதிலேயே விட்டுவிடும். எஞ்சினை உறுமவிட்டு இழுத்தால் துருவுக்குப் பதிலாக லைனிங்கே ஷூவிலிருந்து பெயர்ந்து வந்துவிடக்கூடும். அப்படிப் பெயர்ந்த துண்டு டிரம்முக்குள் சுற்றிச் சிக்கினால் ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும். அசைத்தும் விடாவிட்டால், மெக்கானிக்கை அழைத்து டிரம்மைப் பக்குவமாகத் தட்டி விடுவிக்கலாம். தூசியை ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைப்பதே சரி. லைனிங்கில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது.

மழைக்காலத்தில் வீடு சேரும் முன்பு, பின்னால் வண்டி வராத இடத்தில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்து ஓட்டினால் ஈரம் சூட்டில் ஆவியாகிவிடும். சமதளத்தில் நிறுத்துபவர்கள் ஹேண்ட் பிரேக்கைத் தவிர்த்து, முதல் கியரிலோ, ஆட்டோமேட்டிக் வண்டியானால் ‘பார்க்’ நிலையிலோ விட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கலாம். லாரி ஓட்டுநர்கள் கல் வைப்பது பழைய வழக்கம். சரிவில் இது கூடாது. அங்கே ஹேண்ட் பிரேக் கட்டாயம். எஞ்சினை அணைத்ததும் தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும் மின்சார ஹேண்ட் பிரேக் கொண்ட கார்களில், அந்த வசதியை மாற்றும் முறை அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும்.

விடுபட்ட பிறகு வண்டி இயல்பாக உருள வேண்டும். சில நூறு மீட்டர் சென்றும் இழுப்பு நீடித்தால், கருகிய வாடை அடித்தால், இறங்கிப் பார்க்கையில் ஒரு சக்கரம் மட்டும் கடுமையாகச் சூடேறி அனலடித்தால், காரணம் மழை இரவின் துரு அல்ல. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கலாம். வீல் சிலிண்டரோ டிஸ்கின் காலிப்பர் பிஸ்டனோ பின்வாங்காமல் நின்றிருக்கலாம். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்ல வேண்டும்.